தேநீர் நிறம்

கடையிலிருந்து வந்த மேசையை
முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு
படகுச் சங்கிலியால் அடித்துக்கொண்டிருந்தேன்.
வேலிக்கு அப்பால் நின்று ஹெட்லி கேட்டார்:
"அது என்ன குற்றம் செய்தது?"

ஒரே குற்றம்தான்.
புதிதாக இருந்தது.

மே மாதம். ட்விலிங்கேட்டின் விரிகுடாவில்
மூன்று நாளாய் ஒரு பனிமலை
போகவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல்.
கடற்காற்று நாற்பது வருடத்தில் செய்வதை
உப்புத்தாள் ஒரு மதியத்தில் செய்துவிடும்
என்று நம்பி
விளிம்பு விளிம்பாய்த் தேய்த்தேன்.
இல்லாத ஒருவரின் முழங்கைக்கு
ஒரு வழுவழுப்பு.
இல்லாத பிள்ளையின் முள்கரண்டிக்கு
நாலு தழும்பு.
அதன்மேல் நீர்த்த வெள்ளைச் சாயம்,
அதையும் பாதி சுரண்டி.

திரைக்கு மாவுச் சாக்கு.
வாளி நிறையத் தேநீர் காய்ச்சி முக்கினேன்.
முதல்நாள் ஆரஞ்சுப்பழம்.
மறுநாள் காய்ச்சல்காரன் சட்டை.
மூன்றாம் வாரம்தான் வந்தது
நான் நினைத்த பழுப்பு.
எழுபது கோடைகளின் வெயில் குடித்ததுபோல
ஒரு பொய்.

லோர்ன் விட்டுப்போன சட்டைகளைக் கீறி
கோணியில் கொக்கி போட்டு இழுத்து இழுத்து
வாசலுக்கு ஒரு மிதியடி.
யாருடைய சட்டை என்று
யாரிடமும் சொல்லவில்லை.
நீலக் கட்டத்தில்
ஊரே கால் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது.

எஃபியும் துடைத்துக்கொண்டுதான் வந்தாள்.
ஹெட்லியின் மனைவி.
படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை
கதவு, அலமாரி, நாற்காலி என்று
வருடா வருடம் பூசியே வாழ்ந்தவள்.
சுற்றிப் பார்த்தாள்.
"நான் ஆயுசு பூரா மூடி மூடி வைத்ததை
நீ காசு கொடுத்துத் திறக்கிறாய்."
கோபமில்லை. கணக்குதான் புரியவில்லை அவளுக்கு.

அவள் கண் போனது
கொட்டகையில் நான் ஒதுக்கிய
எஃகுக் கைப்பிடி போட்ட, பளபளக்கும் அலமாரிக்கு.
என் கண்
அவள் பால் கொண்டுவந்த எனாமல் ஜாடிக்கு:
நீல விளிம்பு சில்லுச் சில்லாய் உதிர்ந்து
வயிற்றில் ஒரு துருப்பூ.
எந்த உப்புத்தாளுக்கும் வராத துரு.

பாலை என் பானைக்கு மாற்றிவிட்டு
ஜாடியை வைத்துவிட்டாள்.
அலமாரியைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம்.
அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்,
ஏமாற்றியவர்களின் சிரிப்பு,
இரண்டு பேரும்.

ஜாடியில் உலர்ந்த புல்கதிர்கள் நட்டு
ஜன்னலில் வைத்தேன்.
வீடு முடிந்தது என்று
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை.
படுக்கைக்கு மேல் கூரைப்பலகையில்
ஒரு கறை
கை அகலம், பிறகு தட்டு அகலம்.
விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்:
அதே பழுப்பு.
மூன்று வாரம் வாளியோடு நான் மன்றாடிய
அச்சு அசல் நிறம்,
இனாமாக வந்து இறங்குகிறது.
பார்த்தேன். பார்த்த கையோடு
கூரை வேய்பவனுக்கு போன் செய்தேன்.

புதன்கிழமைதான் வருவானாம்.
புல்கதிர்களைப் பிடுங்கி எறிந்து
ஜாடியைக் கறைக்குக் கீழே வைத்தேன்.
டொக். டொக்.
சிறிது நேரத்தில்
சங்கிலியால் அடித்த மேசையின் காலைச் சுற்றி
நீர்.

"எஃபி, உன் ஜாடி ஒழுகுகிறது."
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்.
"உன் அலமாரிக் கைப்பிடி
என் கையோடு வந்துவிட்டது."
பிறகு இருமலா சிரிப்பா தெரியாத ஒன்று.
"துணியைத் திரி மாதிரி முறுக்கித் துளையில் செருகு.
ஊறினால் அடைத்துக்கொள்ளும்."

நள்ளிரவில் வாசலுக்குப் போனேன்.
மிதியடியின் ஓரத்தில் ஒரு கட்டத்தை உருவி
எச்சில் தொட்டு முறுக்கி
உள்ளிருந்து வெளியே இழுத்தேன்.

பதினோரு வருடம்
இந்தக் கூரைக்கு ஒரு ஆணி அடிக்காத லோர்ன்
ஒருவழியாய்
ஒரு ஓட்டையை அடைத்தான்.

டொக்.
இப்போது சத்தம் கனமாக இருக்கிறது.
பாதி ஜாடி நிறைந்திருக்கும்.
எழுந்து பார்க்கவில்லை.